கேஷுவாலிட்டியில் சொல்லும் முதல் வாக்கியம்



மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலை. தாம்பரம் பக்கம் இருக்கும் என் அத்தை, தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 58. ரோட்டின் ஓரமாகத்தான் நடந்தார். அந்த ரோட்டில் நடைபாதை கிடையாது. ராங் சைடில் வந்த பைக் அவரை இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது.

ஓட்டி வந்த பையனுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். அவன் ஓடிப்போகவில்லை. அவன்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வழியெல்லாம் அழுகை. "அடுத்த மாசம் வேலையில சேரணும்மா, போலீஸ் கேஸ்னு ஆயிட்டா எல்லாம் போயிடும்மா" என்று அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் கேட்டார்: "எப்படிம்மா அடிபட்டுச்சு?"

அத்தை சொன்னார்: "வாசப்படியில வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்."

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் பையனின் அப்பா பழப்பையோடு வந்து 10,000 ரூபாயை மாமா கையில் வைத்துக் கும்பிட்டார். ஆபரேஷன், செயற்கை மூட்டு, ரூம் வாடகை எல்லாம் சேர்ந்து பில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. மாமா நகையை அடகு வைத்தார். வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து, அக்கம்பக்கத்துக்கு விற்று, மாதம் 9,000 ரூபாய் சம்பாதித்துக்கொண்டிருந்த அத்தை இன்றுவரை தரையில் உட்கார முடியாமல், கிரைண்டர் கல்லைத் தூக்க முடியாமல் இருக்கிறார்.

ஆறேழு வாரம் கழித்து ஒரு வக்கீலிடம் போனோம். காகிதங்களைப் புரட்டியவர் அந்த ஒரு வரியில் நின்றுவிட்டார். "அவங்களே படியில வழுக்கி விழுந்தேன்னு சொல்லியிருக்காங்களே. எஃப்.ஐ.ஆரும் இல்லை. இதை வச்சு நான் என்னம்மா பண்றது?"

இந்த மாதம் இந்தப் பக்கத்தில் உங்களிடம் பேச நினைப்பது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? அழுதுகொண்டு நிற்கும் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கக் கூடாது என்றுதான் நம் வீட்டுப் பெண்களுக்குத் தோன்றும். அந்த இரக்கம் நல்லதுதான். ஆனால், அந்த இரக்கத்தால் மிச்சமானது யாருடைய பணம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

நம் நாட்டில் ரோட்டில் ஓடும் ஒவ்வொரு தனியார் வண்டிக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து புதிய டூ வீலர் வாங்கும்போதே 5 வருடத்துக்கான தேர்டு பார்ட்டி பிரீமியத்தைச் சேர்த்துக் கட்டினால்தான் வண்டி கைக்கு வரும். சாதாரணமாக நாம் ஓட்டும் 100 சிசி, 125 சிசி வண்டிகளுக்கு 2022-ல் அரசு நிர்ணயித்த ஆண்டுப் பிரீமியம் 714 ரூபாய்.

அதில் வரும் அந்த 'தேர்டு பார்ட்டி' யார்? வண்டிக்காரர் ஒருவர், இன்ஷூரன்ஸ் கம்பெனி இன்னொருவர். மூன்றாவது ஆள், பால் பாக்கெட்டோடு ரோட்டோரம் நடந்து வந்த என் அத்தை. பள்ளிக்கு நடக்கும் உங்கள் பிள்ளை. ரேஷன் கடைக்குப் போகும் உங்கள் அப்பா. நடந்து போகிறவர்களுக்கு வண்டியால் ஏதாவது ஆகிவிட்டால் ஈடு கட்டுவதற்கென்றே முன்கூட்டி வாங்கி வைத்த பணம் அது. உடல் காயத்துக்கும் உயிரிழப்புக்கும் இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பும் அந்தப் பாலிசியில் இல்லை.

அந்தப் பையனின் பைக்குக்கும் அந்த இன்ஷூரன்ஸ் இருந்தது. பிறகு விசாரித்ததில் தெரிந்தது. அத்தை காப்பாற்ற நினைத்தது பையனை. உண்மையில் காப்பாற்றியது அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியை.

"ஆனாலும் பையன் மேல கேஸ் வந்திருக்குமே?" என்று கேட்பீர்கள். வந்திருக்கும். அதை நான் மறைக்கப் போவதில்லை. அஜாக்கிரதையாக ஓட்டிக் காயப்படுத்தியதற்குக் குற்ற வழக்கு ஒன்று உண்டு. அப்போது இந்தியத் தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. ஆனால், காயம் மட்டும் என்றால் இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான். பையனுக்கு அலைச்சல் இருந்திருக்கும், கோர்ட்டில் நின்றிருக்க வேண்டும். அத்தைக்கு வந்த அலைச்சலோடு அதை வைத்துப் பார்த்தால் எது பெரிது?

இழப்பீட்டு வழக்கு இதிலிருந்து தனியானது. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானால்கூட இழப்பீட்டு வழக்கு அதோடு செத்துவிடாது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். இழப்பீட்டு வழக்கில் இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று கம்பெனி கையை விரித்தாலும், முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டுகள் பல வழக்குகளில் உத்தரவு போட்டிருக்கின்றன.

சரி, அடிபட்ட நிமிடத்தில் வீட்டார் என்னதான் செய்வது?

முதலில் உயிர். 108-ஐக் கூப்பிடுங்கள். 'போலீஸ் வந்தால்தான் தொடுவோம்' என்று எந்த ஆஸ்பத்திரியும் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரியிலும் கட்டணமில்லாமல் பெறலாம். அடிபட்டவர் எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. மத்திய அரசும் 2025 மே மாதம் ஒரு திட்டம் அறிவித்திருக்கிறது. விபத்து நாளிலிருந்து 7 நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கேஷ்லெஸ் சிகிச்சை. ஆனால், இவை எல்லாமே சாலை விபத்துக்குத்தான். 'வாசப்படியில் வழுக்கி விழுந்தேன்' என்றால் இந்தக் கதவுகளும் அந்த நிமிடமே சாத்திக்கொள்ளும். எங்கள் அத்தைக்கு முதல் இரண்டு நாள் செலவே அப்படித்தான் கையை விட்டுப் போனது.

அதனால் டாக்டர் கேட்கும்போது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன வண்டி, நம்பர் தெரிந்தால் நம்பர். டாக்டர் எழுதும் அந்த விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் கோர்ட் வட்டாரத்தில் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். பின்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் முதலில் கேட்கும் காகிதம் அதுதான். அடிபட்டவருக்குப் பேச்சில்லை என்றால் கூடப் போனவர் சொல்லலாம். பயத்திலோ பதற்றத்திலோ தவறாகச் சொல்லிவிட்டீர்களா? வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே ஸ்டேஷனுக்குப் போய் உண்மையைப் புகாராக எழுதிக் கொடுங்கள். அடிபட்டவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எஃப்.ஐ.ஆர். தாமதமானது என்பதற்காக மட்டும் ஒரு வழக்கைத் தள்ளிவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாங்கள் வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தோம். அதுதான் எங்கள் இரண்டாவது தவறு.

ஸ்டேஷன் என்றதும் அடுத்த தடங்கல் வரும். "வயசான அம்மா, சின்னப் பையன், ரெண்டு பக்கமும் பேசி முடிச்சுக்குங்களேன்" என்பார்கள். ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். 'சமாதானமாகப் போய்விட்டோம், மேல்நடவடிக்கை வேண்டாம்' என்று கையெழுத்தும் கேட்கலாம். அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்ததற்கு அத்தாட்சி மட்டும். இழப்பீட்டுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம்.

கையில் கொடுக்கும் ஐந்தாயிரம், பத்தாயிரத்தை வாங்கலாமா? பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அவசரத்துக்கு மருந்து வாங்கக் கொடுத்தால் வாங்குவதில் தப்பில்லை. 'இதோடு முடிந்தது' என்று எழுதிக் கொடுத்து வாங்குவதுதான் தப்பு. இடுப்பெலும்பு எப்போது சேரும், சேருமா, இன்னொரு ஆபரேஷன் வருமா என்று முதல் நாளில் டாக்டருக்கே தெரியாது. நமக்கு எப்படித் தெரியும், பத்தாயிரத்தோடு முடிந்தது என்று?

வீட்டில் ஒரு பழைய ஃபைலை எடுத்து இதற்கென்று வையுங்கள். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துக் கடை பில், பிசியோதெரபி பில், ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த ஆட்டோ செலவு, பார்த்துக்கொள்ள வைத்த ஆளுக்குக் கொடுத்த சம்பளம் என்று ஒன்று விடாமல் அதில் போகட்டும். மருந்துக் கடை பில்லை மாத்திரையோடு சேர்த்துக் கசக்கிப் போடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த ஒரு முறை வேண்டாம்.

வழக்குப் போடும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். சென்னையில் ஐகோர்ட் வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இது நடக்கிறது. மாவட்டங்களில் அந்தந்த மாவட்ட, சார்பு நீதிமன்றங்களில். விபத்து திருச்சி பைபாஸில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருப்பது நாகர்கோவில் என்றால் நாகர்கோவிலிலேயே போடலாம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு தரும் வசதி இது.

எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். பலரும் இதை லாட்டரி மாதிரி நினைக்கிறார்கள். அது கணக்கு.

மருத்துவச் செலவு ஒரு பக்கம். வலிக்கும் வேதனைக்கும், பழையபடி வாழ முடியாமல் போனதற்கும், இனி ஆகப்போகும் சிகிச்சைக்கும் தனித்தனியாக ஒரு தொகை. பெரிய பகுதி, இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போகும் வருமானம். அதற்கு வயதைப் பொறுத்து ஒரு பெருக்கு எண் உண்டு. உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கில் அதை வரிசைப்படுத்தியது. 15 முதல் 25 வயதுவரை 18. வயது ஏற ஏறக் குறையும். 56 முதல் 60 வரை 9. சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வு என்று, 40 வயதுக்குள் 40 சதவீதம், 40-லிருந்து 50-க்குள் 25, 50-லிருந்து 60-க்குள் 10 சேர்க்க வேண்டும் என்று 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் சொன்னது.

என் அத்தையின் கணக்கை ஒரு நாள் இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மாதம் 9,000. பத்து சதவீதம் சேர்த்தால் 9,900. வருடத்துக்கு 1,18,800. ஒன்பதால் பெருக்கினால் 10,69,200. வேலை செய்யும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று வைத்தால் 4,27,680 ரூபாய். இது வருமான இழப்பு மட்டும். ஆஸ்பத்திரி பில், வலி, பார்த்துக்கொண்ட ஆள் செலவு எல்லாம் இதற்கு மேல். வழக்குப் போட்ட நாளிலிருந்து வட்டியும் கணக்கிடுவார்கள். கோர்ட் அந்த 9,000-ஐ அப்படியே ஒப்புக்கொண்டிருக்குமா, சதவீதத்தைக் குறைத்திருக்குமா என்பதெல்லாம் வாதத்துக்கு உரியவை. பாதிதான் கிடைத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாமா அடகு வைத்த நகை வீட்டுக்கு வந்திருக்கும்.

சதவீதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் தரும் ஊனச் சான்றில் இருக்கும் சதவீதமும், சம்பாதிக்கும் திறனில் போன சதவீதமும் ஒன்றல்ல. ஒரு காலை இழந்த அலுவலக குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து வேலையைத் தொடரலாம். அதே காலை இழந்த லாரி டிரைவருக்குத் தொழிலே போய்விட்டது. இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும் என்று 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. அதனால் நீங்கள் என்ன வேலை செய்தீர்கள், அதில் உடம்பின் எந்தப் பாகத்துக்கு என்ன வேலை என்பதை வக்கீலிடம் விலாவாரியாகச் சொல்லுங்கள். அத்தை மாதிரி மாவு விற்பவர் என்றால், வாங்குகிறவர்கள் நாலு பேர் வந்து சாட்சி சொல்லலாம். வருமானத்துக்கு ரசீது இல்லாதவர்கள்தானே நம் வீடுகளில் அதிகம்?

"நான் ஹவுஸ் வைஃப்தான், எனக்கு என்ன வருமானம்?" என்று சொல்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லத்தரசியின் வேலைக்குப் பண மதிப்பு உண்டு என்று 2001-லிருந்தே உச்ச நீதிமன்றம் இழப்பீடு கணக்கிட்டு வருகிறது. 2021 ஜனவரியில் வந்த கீர்த்தி வழக்குத் தீர்ப்பில், அரசின் 2019-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையே எடுத்துக்காட்டினார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேர உழைப்பு! அதைச் செய்ய முடியாமல் போனால் அது நஷ்டம் இல்லையா? 'சும்மா வீட்டில்தான் இருக்கேன்' என்ற வார்த்தையையும் கோர்ட்டில் சொல்லாதீர்கள்.

வண்டி நிற்காமல் போய்விட்டால்? நம்பரும் தெரியவில்லை என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல், அடையாளம் தெரியாத வண்டி மோதி இறந்தால் 2 லட்சம், கொடுங்காயம் என்றால் 50,000 ரூபாய். முன்பு இது 25,000-மும் 12,500-மும்தான். இதற்குத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டாம்; விபத்து நடந்த பகுதியின் வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுத்தால், கலெக்டர் வழியாக உத்தரவாகும்.

இந்த இடத்தில் என் மனதை உறுத்தும் ஒரு கணக்கு. 2022-ல் நாடு முழுவதும் இப்படி இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. அந்த 2022-23 நிதியாண்டில் இந்த இழப்பீடு கேட்டு வந்த மனுக்கள் 205 என்று உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அறுபத்தேழாயிரம் எங்கே, இருநூற்றைந்து எங்கே? இப்படி ஒரு உதவி இருப்பதைப் போலீசாரே பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர்கள் சொல்லாவிட்டாலும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளலாம்.

யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே முடியாத நிலையில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தப்பை நிரூபிக்கத் தேவையில்லாமல், இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். ஆனால், இதை வாங்கிக்கொண்டால் 166-ன் கீழ் கூடுதலாகக் கேட்கும் வழி அடைபடும். எதை எடுப்பது என்று வக்கீலிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் அரசு பஸ்களைப் பற்றியும் கேட்கிறார்கள். போக்குவரத்துக் கழகங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போவதில்லை. தங்கள் நிதியிலிருந்தே கொடுக்க வேண்டும். 'இழப்பீடு தராததால் அரசு பஸ் ஜப்தி' என்று பேப்பரில் அடிக்கடி படிக்கிறீர்களே, அது இந்தக் கதைதான். தீர்ப்பு வந்தும் பணம் வராமல் கோர்ட் அமீனாவோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நிற்க வேண்டிய நிலை ஒரு குடும்பத்துக்கு வரக் கூடாது. ஆனால் வருகிறது.

எதிர்த் தரப்பின் பழக்கமான வாதம் ஒன்று உண்டு. "பார்த்துக் கிராஸ் பண்ணியிருக்கலாமே! ஜீப்ரா கிராசிங்கில் போயிருக்கலாமே!" நம் பக்கமும் கவனக்குறைவு இருந்தது என்று தீர்ப்பாயம் நினைத்தால் அந்த அளவுக்குத் தொகையைக் குறைக்கும். அதற்காக மொத்தமும் போய்விடாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்பிலிருந்து எதிர்ப்பக்கம் போக எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதும், இருக்கும் நடைபாதையில் எத்தனை பைக் நிற்கிறது என்பதும் நமக்குத் தெரியாதா? நடந்து போக இடம் இருப்பது வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஐந்தில் ஒருவர். எண்ணிக்கையில் அதிக விபத்துகள் நடந்த மாநிலம் அந்த வருடம் நம் தமிழ்நாடு, 64,105.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, கெடு. விபத்து நடந்து 6 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரலில் இருந்து இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. ஆனாலும் அந்த நம்பிக்கையில் காத்திருக்காதீர்கள். 'முழுசா குணமாகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற நம் வீட்டு வழக்கம் இங்கே உதவாது. சிகிச்சை நடக்கும்போதே மனுவைப் போட்டுவிடலாம்.

இரண்டாவது, வார்டுக்கே வந்து நிற்கும் புரோக்கர்கள். "எல்லாம் நான் பார்த்துக்கறேன், இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று வெற்றுத்தாளை நீட்டுவார்கள். வெற்றுச் செக்கும் கேட்பார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதிகளுக்கே எதிரானது. நேர்மையான வக்கீல்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீங்களாகத் தேடிப் போங்கள். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியலினத்தவருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. தொகை உங்கள் பேரில், உங்கள் பேங்க் கணக்குக்கு நேராக வர வேண்டும். பாஸ்புக்கை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

புரோக்கர் இன்னொன்றும் சொல்வார்: "இன்ஷூரன்ஸ் இருக்கிற வேற வண்டி நம்பரைப் போட்டுக்கலாம்." ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அது குற்றம். அப்படிப் போடும் பொய் வழக்குகளால்தான் உண்மையில் அடிபட்டு வருகிறவரையும் கம்பெனிகள் சந்தேகத்தோடு பார்க்கின்றன.

மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாமா? தாராளமாக. பல குடும்பங்களுக்கு வருடக்கணக்கான அலைச்சலை அது மிச்சப்படுத்தியிருக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் அப்பீல் கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் பலர் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கிறது. அந்த இன்ஷூரன்ஸ் காலாவதி ஆகிவிட்டதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்களேன்! ஆகியிருந்து, யார் மேலாவது இடித்துவிட்டால், அத்தனை லட்சமும் உங்கள் கையிலிருந்துதான் போகும். டியூஷனுக்குப் போகிறேன் என்று கேட்கும் பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் விபத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. இடித்துவிட்டால் நில்லுங்கள். தூக்குங்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்தப் பையன் அந்த அளவில் நல்லவன். அவன் அத்தையிடம் கேட்ட பொய்தான் கேட்கக் கூடாதது.

அத்தை இப்போது வாக்கர் வைத்து நடக்கிறார். பையன் மேல் அவருக்கு இன்றும் கோபமில்லை. "வேலைக்குச் சேர்ந்திருப்பான் இல்ல?" என்று ஒரு தடவை என்னிடம் கேட்டார்.

போன மாதம் அவர் தெருவில் பூ விற்கும் அம்மாவை ஒரு லோடு வேன் இடித்துவிட்டது. கால் எலும்பு முறிவு. பூக்கார அம்மாவின் மகள் பதறிக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். அத்தை நாற்காலியில் இருந்தபடியே அவள் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னாராம்: "வேன் நம்பரை எழுதிக்கோ. டாக்டர் கேட்டா வேன் இடிச்சுதுன்னு சொல்லு. அம்மா வேற ஏதாவது சொல்ல வந்தாலும் நீ குறுக்க புகுந்து சொல்லிடு, போ."

அன்புடன்,
ஆசிரியர்